முன்சீட்டு அக்கா

காரில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அக்கா கதவு திறக்கிறதா என்று பார்ப்பார். சாத்திய கதவை மறுபடி திறந்து, ஒரு காலை வெளியே வைத்து எடுத்து, அப்புறம்தான் மூடுவார்.

"எதுக்குங்கக்கா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"பள்ளத்துல விழுந்தா வெளிய வரணுமில்ல தம்பி" என்றார்.

மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துக்கோ என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நானுஓயா ஸ்டேஷனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று திமிராகத் திரிந்த காலம்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நுவரெலியாவில் ஒரு விடுதியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கப்பலேறிய ஒரு தொரையிடம் முதலாளி வாங்கிய கறுப்புக் கார். எங்கள் விடுதிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் வயசானவர்கள். கொழும்பு வெயில் ஆகாது, கொஞ்ச நாள் மலைக்காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று டாக்டர்மார் அனுப்பிவைப்பார்கள். வருகிறவர்கள் நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும்போதே பாதி உயிராக இருப்பார்கள். மேலே வந்து சேர்வதற்குள் வாந்தி, தலைசுற்றல், மூச்சு முட்டல். ஒரு பெரியவர் விடுதி வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். விடுதிக்குக் கெட்ட பெயர் வரப்போகிறது என்று பயந்துதான் முதலாளி, காரில் கூடவே வந்து அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்த அக்காவைக் கூட்டிவந்தார்.

அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் ஆயாவாக இருந்தவர். தொரை குடும்பம் போனபிறகு வேலை இல்லை. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேலே, தொரைசாணி விட்டுப்போன சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை எந்நேரமும் போட்டிருப்பார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஸ்டேஷனில் நின்ற டிரைவர்கள் அவரை 'முன்சீட்டு' என்றார்கள். நான் அக்கா என்றேன்.

அவர் வந்த மாதமே எல்லாம் மாறிவிட்டது. முட்டி மடங்காதவர்கள் ஏறி இறங்க, தச்சனைப் பிடித்து ஒரு குட்டிப் பலகைப்படி செய்யவைத்தார். இலவம்பஞ்சு அடைத்த தலையணைகள், இடுப்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. வாந்தி வருகிறவர்கள் கையில் கசக்கிய எலுமிச்சை இலை. ஒரு பிளாஸ்க்கில் மல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணி. வந்த அன்று யாரையும் நடக்க விடமாட்டார். "மலை உங்கள மொதல்ல பாக்கட்டும், நாளைக்கு நீங்க மலையப் பாருங்க" என்று போர்த்திப் படுக்கவைத்துவிடுவார். எந்த ஊரில், எந்தக் கடைக்குப் பின்னால் சுத்தமான கக்கூஸ் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். "அழகு பாக்கிறதுக்கு முந்தி ஒதுங்க எடம் பாக்கணும்" என்பார். பள்ளத்துப் பக்கம் ஒருத்தரையும் உட்காரவிட மாட்டார். அந்தப் பக்கம் கம்பளியும் தலையணையும்தான் உட்காரும்.

இதையெல்லாம் பார்த்த விருந்தாளிகள், என்ன அன்பான பெண் என்றார்கள். அன்பும் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் பயத்தில் பிறந்தது என்பது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும்.

அவருக்கு இரண்டு முகம். பின்சீட்டுப் பக்கம் திரும்பினால் சிரிப்பார். "அம்மா, அந்தா பாருங்க, பொம்பளைங்க கொழுந்து எடுக்கிறாங்க" என்பார். முன்னால் திரும்பியதும் அதே முகம் வெளுத்துவிடும். இடது கை கதவுப்பிடியில் இருக்கும். வலது கை சீட்டின் விளிம்பை அப்படிப் பிடித்திருக்கும், அந்த இடத்தில் சீட்டுத் தோல் கிழிந்தே போய்விட்டது. வளைவு வருவதற்கு முன்னால், பின்னால் கேட்காமல் எனக்கு மட்டும், மூச்சுக்காற்றில் "மெல்ல" என்பார். நான் ஏற்கனவே மெல்லத்தான் போய்க்கொண்டிருப்பேன். நானுஓயாவிலிருந்து ஏறுகிற பாதையில் வளைவுக்கு என்ன பஞ்சம்?

"அந்தக் கல்லு நேத்து அங்க இல்லியே தம்பி."

"இஞ்சின் சத்தம் ஒரு மாதிரியா இல்ல?"

"மூட்டத்துக்குள்ள யாரோ நிக்கிறாங்க. நிக்கிறாங்களா? மரமா?"

இப்படியே வரும். கல் எப்போதும் அங்கே இருந்த கல்தான். இஞ்சினும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்துத் தடவை கேட்டபிறகு எனக்கும் சத்தம் ஒரு மாதிரியாகக் கேட்க ஆரம்பித்தது.

புருஷன் லொறியோடு பள்ளத்தில் போய்விட்டான், அதான் இப்படி என்றார்கள் ஸ்டேஷனில். இல்லை, அவள் தூக்கி வளர்த்த தொரை பிள்ளை போய்விட்டது என்றான் இன்னொருத்தன். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு புருஷனும் இல்ல, புள்ளையும் சாகல. அந்தப் புள்ள சீமையில நல்லாயிருக்கு. காரணம் இருந்தாத்தான் பயப்படணுமா? குனிஞ்சு பாருங்க, எவ்வளவு ஆழம்னு. அது போதாதா?"

அதுதான் என்னை உறுத்தியது. ஒரு சாவு நடந்து, அதனால் வந்த பயம் என்றால், அது அவருடையது என்று ஒதுக்கிவிடலாம். சும்மா பள்ளத்தைப் பார்த்து வந்த பயம் என்றால் அது எல்லோருக்கும் வரவேண்டியதுதானே? எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

வந்தது. ஒருநாள் காய்கறி ஏற்ற நான் மட்டும் தனியாகப் போனேன். ரதல்லைக்குக் கீழே, ஆயிரம் தடவை திரும்பிய ஒரு வளைவில், கால் தானாக பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டது. முன்னால் ஒன்றுமில்லை. வெறும் மூட்டம். ஸ்டியரிங்கில் கை வழுக்குகிற அளவுக்கு வேர்த்திருந்தது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டியபிறகுதான் நகர்ந்தேன்.

அன்றைக்குச் சாயந்தரம் விடுதிக் கொல்லையில் அக்கா தலையணை உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீங்க இப்படிப் பயந்தா நான் எப்படிங்க ஓட்டுறது? வேற டிரைவரப் பாத்துக்கிங்க!"

அவர் உறையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினார். "நீங்க பயப்படாம ஓட்டுறீங்க. அதப் பாத்துத்தான் எனக்குப் பயம். ரெண்டு பேர்ல ஒருத்தராவது பயப்படணுமில்ல?"

அவர் பயம் எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒருமுறை திருச்சிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். வாலிபத்தில் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அவர் மனைவி பிரசவத்தில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டிருந்தார். சாவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பூ வைக்கவேண்டும் என்று கப்பலிலும் ரயிலிலும் அத்தனை தூரம் வந்திருந்தார். வந்த அன்றிலிருந்து மழை. "அந்த ரோட்டுல மண்ணு எறங்கும், வேணாங்கய்யா" என்று அக்கா மறித்துவிட்டார். முதலாளியும் அக்கா சொன்னால் சரி என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய், அவர் திரும்பவேண்டிய நாள் வந்துவிட்டது. அன்று காலையில் பளீரென்று வெயில்.

நானுஓயா ஸ்டேஷனில் பெரியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இலையில் கட்டி வைத்திருந்த பூவை அக்கா கையில் கொடுத்தார். "நீயாவது அந்தப் பக்கம் போனா வச்சிரும்மா" என்றார். ரயில் நகர்ந்தபிறகு ஜன்னலில் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாக பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனார். வாடிப்போன பூவோடு புதுப் பூவும் சேர்த்துக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும், "ரோடு எப்படிங்கக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அவர் மாறுவார் என்று நினைத்தேன். மாறவில்லை. அதே கதவு, அதே கைப்பிடி, அதே மூச்சுக்காற்று.

பிறகு ஒரு மழைக்காலம். யாழ்ப்பாணத்துக்காரர்களான ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் விடுதியில் தங்கியிருந்தார்கள். கொழும்பில் மகனோடு இருப்பவர்கள். ஐயாவுக்கு இருதயத்தில் கோளாறு, அம்மாவுக்கு முட்டி வலி. அவர்கள் புறப்பட வேண்டிய அன்று வட்டவளைப் பக்கம் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. மகன் கினிகத்தேனைக்குக் கார் கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதுவரைக்கும் நாங்கள் கொண்டுபோய் விடவேண்டும்.

அக்கா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெரியவரின் பூ அவர் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் நான் பிரேக்கைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அட்டன் தாண்டும்வரை நல்லபடியாக வந்தோம். அதற்கப்புறம் மழை கனத்தது. றொசல்லை கழிந்தது. வட்டவளை கழிந்தது. கினிகத்தேனையை நோக்கிப் பாதை நீளமாக இறங்குகிறது. இடது பக்கம் வெட்டிய மண்மேடு, அதன் அடியில் மழைத்தண்ணி பாயும் கான். வலது பக்கம், வெள்ளையடித்த சில கற்கள். கற்களுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, மூட்டம்தான்.

"பிள்ளை, இன்னும் கனதூரமோ?" என்று அம்மா கேட்டார்.

"கிட்ட வந்துட்டோங்கம்மா" என்றார் அக்கா.

வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் எதிலும் தட்டாமல் தரைவரைக்கும் போனது.

எடுத்து மறுபடி மிதித்தேன். சேற்றை மிதித்ததுபோல இருந்தது. மறுபடி. மறுபடி. வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போனது. கியரைக் குறைத்தேன். இஞ்சின் அலறியது, வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, கொஞ்சம் தயங்கி, மறுபடி இழுத்துக்கொண்டு இறங்கியது. கை பிரேக்கை இழுத்தேன். தீய்ந்த வாடை வந்தது, வேகம் குறையவில்லை. அந்த வளைவை எப்படித் திரும்பினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அக்கா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அலறப்போகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தாரோ அது வந்துவிட்டது. அவர் அலறினால் பின்னால் இருக்கும் ஐயாவின் நெஞ்சு தாங்காது, என் கையும் ஓடாது. அலறாதீங்கக்கா என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அவர் கதவுப்பிடியை விட்டார். சீட்டை விட்டார். முட்டியை மடக்கி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்தார்.

"ஐயா, இந்த எறக்கத்துல எல்லாருக்கும் காது அடைக்கும். தலையணைய மடியில வச்சு, மொகத்த அதுல நல்லாப் பொதைச்சு, குனிஞ்சுக்கிங்க. அம்மா, நீங்களும். கைய தலைக்கு மேல கட்டிக்கிங்க. ஆங், அப்படித்தான். எச்சில முழுங்கிக்கிட்டே இருங்க. நான் சொல்ற வரைக்கும் நிமிரக்கூடாது."

"முதல் வரேக்க இப்பிடிச் சொல்லேல்லையே?" என்றார் ஐயா.

"அப்ப ஏத்தம்ங்கய்யா. ஏத்தத்துல அடைக்காது."

தூங்கவைக்கப் போகும் பிள்ளையிடம் பேசுவதுபோல இருந்தது குரல். ஐயா குனிந்தார். கண்ணாடியில் எனக்கு இரண்டு நரைத்த தலைகளும், அவற்றுக்கு மேலே கட்டிய கைகளும் மட்டும் தெரிந்தன.

கீழே அடுத்த வளைவில் ஒரு லொறியின் வெளிச்சம் திரும்பியது. அவன் ரோட்டின் நடுவில் ஏறிவந்தான். வலது பக்கம் போனால் பள்ளம். நேரே போனால் லொறி. இடது பக்கம் மண்மேடு. இடது பக்கத்தில்தான் அக்கா இருந்தார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லொறியின் வெளிச்சம் என் முகத்தில் விழுந்ததைப் பார்த்திருப்பார். பின்சீட்டுக்குக் கேட்காதபடி என் காதருகே சொன்னார்.

"தம்பி, என் பக்கம் சாத்துங்க."

சாத்தினேன். இடது சக்கரம் இரண்டும் கானில் விழுந்தன. மண்மேட்டை உரசிக்கொண்டு வண்டி போனது. தகரம் கிழிகிற சத்தமும் கண்ணாடி நொறுங்குகிற சத்தமும் எவ்வளவு நேரம் கேட்டன என்று தெரியவில்லை. பிறகு நின்றது. லொறி எங்களை ஒட்டிக் கடந்துபோய் மேலே நின்றது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையணைக்குள்ளிருந்து ஐயாவின் குரல் வந்தது.

"பிள்ளை, இனி நிமிரலாமோ?"

"நிமிருங்கய்யா" என்றார் அக்கா. அவர் முகத்தில் இரத்தமே இல்லை. இடது கை சட்டைக்குள் வேறு ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. "மழைக்கு வண்டி சறுக்கிக் கான்ல எறங்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல. தம்பி, அம்மாவுக்கு மல்லித்தண்ணி ஊத்திக் குடுங்க."

"காது கொஞ்சமும் அடைக்கேல்லை" என்று ஐயா மனைவியிடம் சொன்னார். "நல்ல வழிதான்."

லொறிக்காரர் சிங்களத்தில் ஏதோ கத்திக்கொண்டே ஓடிவந்தார். என் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார். அக்கா பக்கத்துக் கதவு மண்ணோடு நசுங்கியிருந்தது. லொறிக்காரரும் நானும் சேர்ந்து என் பக்கமாக அக்காவை இழுத்தெடுத்தோம். அப்போதும் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாரே தவிர, சத்தம் வரவில்லை. தன் சாக்கை மடித்துச் சீட்டில் போட்டு, அக்காவை ஏற்றி, அட்டன் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அந்த லொறிக்காரர்தான். வயசானவர்களை வேறொரு காரில் ஏற்றிக் கினிகத்தேனையில் மகனிடம் விட்டுவிட்டு, நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கட்டிலில் படுத்திருந்தவர் முதலில் கேட்டது, "பிரேக் போனத அவங்ககிட்ட சொல்லலியே?"

"இல்லக்கா."

"சொல்லாதீங்க. தெரிஞ்சா இனிமே வீட்டு வாசல விட்டு எறங்க மாட்டாங்க. இருக்கிற கொஞ்ச நாளுக்கு நாலு எடம் பாக்கட்டும்."

அந்த நேரம் பயமாக இல்லையா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க வேற" என்றார். நர்ஸம்மா தள்ளிப் போனபிறகு தணிந்த குரலில் சொன்னார். "சேலையிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன் தம்பி. மழையில நனஞ்சதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. என்னா செய்ய? அவங்க ரெண்டு பேரும் என் மொகத்தப் பாத்துத்தான குனிஞ்சாங்க."

முழங்கை எலும்பு நொறுங்கியிருந்தது. கட்டுப் பிரித்தபிறகும் கை நேராக நீளவில்லை. அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று, பழுதுபார்த்த காரை முதலாளி என்னிடம் கொடுத்து அழைத்துவரச் சொன்னார். வெடித்த பிரேக் குழாயைக் கழற்றிப் புதுசு போட்டிருந்தார்கள். புதுக் கதவும் போட்டிருந்தார்கள். அக்கா காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றார். "நான் வரல தம்பி. றொசல்லையில எங்கண்ணன் லயத்து வீட்டுக்குப் போறேன். மொதலாளிகிட்ட சொல்லிருங்க."

"அங்க கொண்டுபோய் விடுறேன், ஏறுங்க."

"நடந்தே போறேன்."

"அவ்வளவு தூரமா?"

"கால் நல்லாத்தான இருக்கு."

காரைப் பூட்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு, அவருடைய துணிமூட்டையை வாங்கிக்கொண்டு நானும் நடந்தேன். மழை விட்டிருந்தது. மண்மேட்டை ஒட்டியே அவர் நடந்தார். எதிரே பஸ்ஸோ லொறியோ வந்தால் மேட்டோடு சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொள்வார். நானும் பக்கத்தில் நிற்பேன். ஒருமுறை பஸ் மிகவும் கிட்டத்தில் போய்விட்டது. அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய்ச் சத்தம் அடங்கியபிறகும் விடவில்லை. அப்படியே நின்று, சின்னப்பிள்ளைபோல வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துக் கட்டியபோதுகூட அவர் அழவில்லை என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். ரொம்ப தூரம் போனபிறகு கேட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னதாலதான என் பக்கம் சாத்துனீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் நான் அத்தனை நாளும் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அந்தச் சக்கரம் திரும்புவதும், அந்தக் கை மடங்குவதும்தான். அவர் சொன்னதும் என் கை திரும்பியதும் ஒரே நேரம். எது முந்தி என்று எனக்கு நிச்சயமில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் சொன்னேன், நீங்க செஞ்சீங்க" என்றார் அவர். "அது என்னோட கணக்கு தம்பி. நீங்க அதத் தூக்கிக்கிட்டுத் திரியாதீங்க. வண்டி ஓட்டுற ஆளுக்கு அந்தப் பாரம் ஆகாது."

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேரும்போது, வேலை முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். கை இப்படி இருப்பதால் கொழுந்து எடுக்க முடியாது, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டிருப்பதாக அண்ணன் சொன்னார். அந்த வேலை கிடைத்து, அங்கேயேதான் அக்கா கடைசிவரை இருந்தார். மறுபடி எந்த வண்டியிலும் ஏறவில்லை.

அன்றைக்கு நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். கார் விட்ட இடத்திலேயே நின்றது. உட்கார்ந்து சாவியைப் போட்டேன். சாத்திய கதவை மறுபடி திறந்து, ஒரு காலை வெளியே வைத்து எடுத்து, மூடினேன். மறுநாள் கொழும்பு ரயிலில், நடக்கமுடியாத ஒரு வயசான அம்மா தனியாக வருவதாக முதலாளி சொல்லியிருந்தார். நானுஓயாவில் அவரை இறக்க ஆள் வேண்டும். மெல்ல வண்டியை எடுத்தேன்.